பின்கழுத்து வழியே ஏறும் இரத்தம்

டீயை ஒரு வாய் குடியுங்கள். ஆற அமரப் பேச வேண்டிய விஷயம் இது. அந்த ஒரு வாய் டீ தொண்டைக்குள் இறங்கியபோது என்னவெல்லாம் நடந்தது தெரியுமா? மேலண்ணத்தின் பின்பகுதி உயர்ந்து, மூக்குக்குப் போகும் வழியை அடைத்தது. குரல்வளை மேலே எழும்பி மூச்சுக்குழாயின் வாயை மூடிக்கொண்டது. மூச்சு ஒரு கணம் நின்றது. உணவுக்குழாயின் வாய் திறந்தது. டீ உள்ளே போனதும் எல்லாம் பழையபடி ஆயிற்று. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோன இந்த வேலையில் நம் பங்கு ‘விழுங்கலாம்’ என்று தொடங்கிவைத்தது மட்டும்தான். மிச்சத்தை நடத்தி முடித்தது மூளைத்தண்டு.

மூளைத்தண்டு பெருமூளைக்கு அடியில், சிறுமூளைக்கு முன்னால், தண்டுவடத்துக்கு மேலே இருக்கிறது. கட்டைவிரலைவிடச் சற்றுத் தடிமன். நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்: மேலே நடுமூளை, நடுவில் பான்ஸ், கீழே முகுளம். மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், விழிப்பு, கண் அசைவு, முகத்தின் உணர்ச்சி, விழுங்குதல், உடம்பின் சமநிலை எல்லாவற்றுக்கும் நரம்புக் கூட்டங்கள் இதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில், மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை பத்து ஜோடியின் கருக்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. போதாக்குறைக்குப் பெருமூளையிலிருந்து கைகால்களுக்கு இறங்கும் கட்டளைகளும், உடம்பிலிருந்து மேலே ஏறும் உணர்ச்சிகளும் இந்த ஒரே இடுக்கு வழியாகத்தான் போய்வர வேண்டும்.

இத்தனையையும் சுமக்கிற இடத்துக்கு இரத்தம் எப்படி வருகிறது என்பதுதான் நாம் பார்க்கப் போவது.

தாடைக்குக் கீழே, குரல்வளைக்கு ஒரு பக்கமாக இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டாம். துடிப்பு தெரிகிறதல்லவா? அது கரோட்டிட் தமனி. சினிமாவில் ஆள் உயிரோடிருக்கிறானா என்று தொட்டுப் பார்ப்பது இதைத்தான். மூளைக்குப் போகும் இரத்தத்தில் பெரும்பகுதி இதன் வழியாகத்தான் போகிறது. ஆனால் மூளைத்தண்டுக்கு அனேகமாக இதில் பங்கில்லை. அதற்கான தமனியைக் கழுத்தில் எங்கே தடவினாலும் கையில் தட்டாது, ஏனென்றால் அது எலும்புக்குள் ஒளிந்துகொண்டு போகிறது.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். ஒவ்வொன்றின் இரு பக்கச் சிறகுகளிலும் ஒரு துளை உண்டு. காறை எலும்புக்குப் பின்னால் கைக்குப் போகிற பெரிய தமனியிலிருந்து பிரியும் வெர்டிபிரல் தமனி, பெரும்பாலோருக்கு ஆறாவது எலும்பின் துளையில் நுழைகிறது. ஏழாவதிலும் துளை இருக்கிறது. ஆனால் தமனி வழக்கமாக அதைத் தொடுவதில்லை. ஆறு, ஐந்து, நான்கு என்று துளை துளையாக ஏறி முதல் எலும்பைத் தாண்டுகிறது. தாண்டியதும் நேரே மேலே போவதில்லை. பின்பக்கமாக வளைந்து, முதல் எலும்பின் முதுகில் இருக்கும் பள்ளத்தில் படுத்து, அதன் பிறகு மூளை உறையைத் துளைத்துக்கொண்டு, மண்டையோட்டின் அடியில் உள்ள பெருந்துளை வழியாக உள்ளே போகிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

எதற்கு இந்த வளைவு? தலையைத் திருப்பிப் பாருங்கள். நம் கழுத்து திரும்புவதில் ஏறத்தாழப் பாதி, முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவிலேயே நடக்கிறது. தமனி விறைப்பாக நின்றிருந்தால், திரும்பும்போதெல்லாம் இழுபடும். வளைவில் கொஞ்சம் நீளம் உபரியாக இருப்பதால் தப்பிக்கிறது. சாதாரணமாகத் திரும்புகிறவரைக்கும் இந்தச் சேமிப்பு போதும்.

சட்டென்று வெட்டித் திருப்பினால் போதாமல் போகலாம். சலூனில் முடி வெட்டி முடித்ததும், தலையை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு வெட்டி ‘மடக்’ என்று சொடுக்கெடுக்கிற வழக்கம் நமக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அப்படித் திருகியபோது வெர்டிபிரல் தமனியின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, அங்கே கட்டி உறைந்து, அந்த உறைவு மூளைக்குப் போய் அடைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனாலும் இளவயதில் வரும் பக்கவாதத்துக்கு முக்கியக் காரணங்களில் கழுத்துத் தமனிக் கிழிசலும் ஒன்று. அதுவரை இல்லாத ஒரு வலி ஒருபக்கப் பிடரியில் திடீரென்று வந்தால், அதைச் சுளுக்கு என்று எண்ணி இன்னொரு முறை திருகிக்கொள்வது மகா ஆபத்து. என்னைக் கேட்டால், தலைக்கு எண்ணெய் வைத்துத் தட்டுவதோடு சலூன்காரர் நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, மண்டைக்குள் வந்துவிட்டோம். இங்கே உடம்பில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத ஒன்று நடக்கிறது. தமனிகளின் இயல்பு பிரிந்துகொண்டே போவது. பெரியது இரண்டாகும், இரண்டு நான்காகும்; கல்லணையைத் தாண்டிய காவிரியைப் போல ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று சிறுத்துக்கொண்டே கடைமடைக்குப் போகும். வெர்டிபிரல் தமனிகள் இரண்டும் இதற்கு நேர்மாறாக முகுளமும் பான்ஸும் சேரும் இடத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கிளைகள் பிரியும் உடம்பில் ஒரு கூடுதுறை. கலந்து உருவாகும் ஒற்றைத் தமனிக்குப் பேசிலார் என்று பெயர். பான்ஸின் முன்முகத்தில், சரியாக நடுவே ஒரு பள்ளத்தில் படிந்து மேலே ஏறுகிறது. நீளம் சுமார் 3 சென்டிமீட்டர், விட்டம் 3, 4 மில்லிமீட்டர். அவ்வளவுதான். நடுமூளைக்கு முன்னால் போய் மறுபடி இரண்டாகப் பிரிந்து, பெருமூளையின் பின்பகுதிக்கு, அதாவது பார்வைக்கான பகுதிக்குப் போய்விடுகிறது.

கூடுகிற இரண்டும் சம அளவு என்று நினைக்க வேண்டாம். பலருக்கு இடப்பக்கத் தமனி பெரிது. சிலருக்கு ஒரு பக்கம் நூல்போல மெலிந்து பேருக்குத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய பக்கம் அடைத்தால் சங்கடம் அதிகம். ஸ்கேன் அறிக்கையில் ஒரு வெர்டிபிரல் சிறுத்திருக்கிறது என்று எழுதியிருந்தால் உடனே கலங்கிவிட வேண்டியதில்லை. பிறவியிலேயே அப்படி இருப்பது சகஜம்.

இனி, இந்தத் தமனிகளின் கிளைகளுக்குப் பெயர் வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். வெர்டிபிரலிலிருந்து பிரிவது சிறுமூளையின் பின்கீழ்த் தமனி. பேசிலாரின் அடிப்பகுதியிலிருந்து பிரிவது சிறுமூளையின் முன்கீழ்த் தமனி. உச்சிக்குச் சற்றுக் கீழே பிரிவது சிறுமூளையின் மேல் தமனி. உச்சியில் பிரிவது பெருமூளையின் பின் தமனிகள். எல்லாம் சிறுமூளைக்கும் பெருமூளைக்கும் போகிறவை. மூச்சையும் விழிப்பையும் தாங்கி நிற்கும் மூளைத்தண்டின் பெயரில் ஒரு பெரிய தமனி கூட இல்லை. வேறு ஊருக்குப் போகும் வாய்க்கால்களின் கரையில் ஆங்காங்கே சிறு மடை வெட்டி, அதில் வருவதை வைத்தே அது பிழைக்கிறது. அந்த மடைகளில் பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் கொண்டவை.

அந்த மடைகள் மனம்போன போக்கில் அமைந்தவையும் அல்ல. 1870-களில் பிரான்ஸில் ஆன்றி துய்ரே தமனிகளுக்குள் சாயம் செலுத்தி இவற்றைத் தேடினார். 1920-களில் ஷார்ல் ஃபுவாவும் கூட்டாளிகளும் இவற்றை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்தப் பிரிப்பு இன்றுவரை நிற்கிறது. முதல் வகை, தாய்த்தமனியிலிருந்து கிளம்பிய கையோடு செங்குத்தாக உள்ளே இறங்கி மூளைத்தண்டின் நடுப்பகுதிக்குப் பாயும். இரண்டாவது வகை, பக்கவாட்டில் கொஞ்ச தூரம் சுற்றிப் போய் உள்ளே இறங்கும். மூன்றாவது வகை, முழுச் சுற்றாகச் சுற்றி முதுகுப்பக்கம் போகும். நாம் மேலே பார்த்த சிறுமூளைத் தமனிகள்தான் இந்த மூன்றாவது வகை. போகிற வழியில் ஓரப்பகுதிக்கும் பின்பகுதிக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுச் சிறுமூளைக்குப் போகின்றன.

ஒரு மடைக்குரிய வயலுக்குப் பக்கத்து மடைத் தண்ணீர் தாராளமாக வந்து பாய்வதில்லை. ஒன்று அடைத்தால் அந்தத் துண்டு காய்ந்துபோகும். இங்கே சிலர் வில்லிஸ் வளையத்தைப் பற்றிக் கேட்பார்கள். மூளையின் அடியில், கரோட்டிட் வழியாக வரும் முன்வழித் தமனிகளும் வெர்டிபிரல், பேசிலார் வழியாக வரும் பின்வழித் தமனிகளும் கைகோத்து நிற்கும் வளையம் அது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தாமஸ் வில்லிஸ் 1664-இல் வெளியிட்ட நூலில் அதை விளக்கினார். அந்த நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், பிற்பாடு லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோஃபர் ரென். ஒரு குழாய் அடைத்தால் வளையத்தின் வழியாக இன்னொன்று ஈடுகட்டும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் பாதிப் பேருக்குக்கூட அந்த வளையம் புத்தகத்தில் இருப்பதுபோல முழுசாக அமைவதில்லை. அமைந்தாலும் அது காப்பாற்றுவது பெரிய வாய்க்காலை. பேசிலாரின் அடி மெல்ல மெல்ல அடைத்தால், மேலே வளையத்திலிருந்து இரத்தம் தலைகீழாக இறங்கி வரக்கூடும். மடை அடைத்தால் வளையம் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். ‘ஸ்ட்ரோக்’ என்றதும் நம் மனத்தில் வருவது ஒரு பக்கக் கை, அதே பக்கக் கால், கோணிய வாய். கை தூக்க முடிகிறதா, சிரித்தால் வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரிகளில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். நல்ல போஸ்டர்தான்; பல உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் முன்வழித் தமனிகளுக்கான பரீட்சை. இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பின்வழியில் வருகிறது. அவற்றில் சில, இந்தப் பரீட்சையை நூற்றுக்கு நூறு வாங்கிப் பாஸ் செய்துவிடும். கை தூக்குவார், காலைத் தூக்குவார், நாம் ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவோம்.

ஏன் அப்படி என்பதற்குக் காரணம் மடைகளில் இருக்கிறது. கைகாலை அசைக்கும் நரம்புக் கட்டு, மூளைத்தண்டின் முன்புறம் நடுவையொட்டி இறங்குகிறது. விழுங்குவது, சமநிலை, முகத்தின் உணர்ச்சி, உடம்பில் சூட்டையும் வலியையும் அறியும் பாதை ஆகியவை முகுளத்தில் ஓரமாகவும் பின்பக்கமாகவும் இருக்கின்றன. ஓரத்து மடை மட்டும் அடைத்தால் ஓரத்தில் இருப்பவை மட்டும் போகும். பலத்துக்கு ஒரு குறையும் வராது.

டான்சிக் நகரில் (இன்று போலந்தின் கதான்ஸ்க்) இருந்த அடால்ஃப் வாலன்பர்க் 1895-இல் இப்படிப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அறிகுறிகளை மட்டும் வைத்து, முகுளத்தில் எந்த இடம், எந்தத் தமனி என்று கணித்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நோயாளி இறந்தபோது உடற்கூறாய்வு செய்து பார்த்தார்கள். கணிப்பு சரியாக இருந்தது. 1901-இல் அதையும் வெளியிட்டார். ஸ்கேன் என்ற பேச்சே இல்லாத காலம். பாடப்புத்தகங்கள் இன்றும் இந்த நோயைச் சிறுமூளையின் பின்கீழ்த் தமனி அடைப்பு என்றே சொல்லிக்கொடுக்கின்றன. ஆனால் சி. மில்லர் ஃபிஷரும் உடனிருந்தவர்களும் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் அடைத்திருப்பது அதன் தாயான வெர்டிபிரல் தமனிதான் என்று காட்டிவிட்டார்கள். அறுபது வருஷம் தாண்டியும் பரீட்சை விடைத்தாளில் பழைய பதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாலன்பர்க் சொன்னது போன்ற ஒரு நோயாளியை நெருங்கிப் பார்ப்போம். காலையில் எழுந்ததும் வீடே சுழல்கிறது. வாந்தி. நடந்தால் உடம்பு வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. குரல் கம்மிவிட்டது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. விக்கல் விடவில்லை. வலக்கண் இமை லேசாகச் சரிந்திருக்கிறது, அந்தக் கண்ணின் பாவையும் சிறுத்திருக்கிறது. வெந்நீரை முகத்தில் ஊற்றினால் வலக்கன்னத்தில் சூடு தெரியவில்லை. காலில் ஊற்றினால் இடக்காலில் சூடு தெரியவில்லை. முகத்தில் வலது, உடம்பில் இடது. தொட்டால் தெரிகிறது, கைகால் பலம் அப்படியே இருக்கிறது. இவர் சொல்வதைக் கேட்டால் கற்பனை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு பக்கமும் ஒழுங்காக வரவில்லையே!

வராததற்குக் காரணம் இதுதான். முகத்திலிருந்து வரும் நரம்பு தன் பக்கத்திலேயே மூளைத்தண்டுக்குள் நுழைகிறது. மறுபக்கம் தாண்டுவது அதற்குப் பிறகு. உடம்பிலிருந்து சூட்டையும் வலியையும் கொண்டுவரும் நரம்போ கீழே தண்டுவடத்திலேயே மறுபக்கம் தாண்டிவிட்டுத்தான் மேலே வருகிறது. ஆகவே வலப்பக்க முகுளத்தின் ஓரத்தில் ஒரு பட்டாணி அளவு இடம் செத்தால்கூட, வலமுகத்தின் சேதியும் இட உடம்பின் சேதியும் ஒரே அடியில் அறுந்துபோகின்றன. கைகால் அசைவுக்கான கட்டும் இப்படித்தான்: பெரும்பகுதி முகுளத்தின் அடியில்தான் பக்கம் மாறுகிறது. அதற்கு மேலே எங்கே சேதம் வந்தாலும் மறுபக்கக் கைகால் விழும். நடுமூளையில் நடுமடை ஒன்று அடைத்தால், ஒரு கண்ணின் இமை மூடி, விழி வெளிப்பக்கம் ஒதுங்கி நிற்க, எதிர்ப்பக்கக் கையும் காலும் விழுந்துவிடும். லண்டனில் இருந்த ஹெர்மன் வெபர் 1863-இல் விவரித்த நிலை இது. முகம் ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம் என்று நோய் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தால், நரம்பியல் மருத்துவரின் கவனம் உடனே மூளைத்தண்டுக்குப் போகும்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். தலை சுற்றுகிறது என்றால் பித்தம். வாந்தியும் சேர்ந்தால் நிச்சயமாகப் பித்தம். எலுமிச்சைச் சாறு, இஞ்சி மொரப்பா, படுத்து ஓர் உறக்கம். பெரும்பாலான தலைச்சுற்றல் மூளைக்குச் சம்பந்தமில்லாததுதான். காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பில் வருவது, படுத்துப் புரண்டால் ஒரு நிமிஷம் சுற்றி நிற்பது, சாப்பிடாமல் இருந்ததால் வருவது. இவற்றுக்கெல்லாம் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் சுற்றலோடு ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, பிடிமானம் இல்லாமல் உட்காரவோ நிற்கவோ முடியாமல் சாய்ந்தாலோ, இதுவரை இல்லாத தலைவலியோ பிடரிவலியோ கூட வந்தாலோ, அது காதோடு நிற்கிற விவகாரமாக இருக்காது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போவதும் சில நேரம் இந்தக் கணக்கில் சேரும். உட்காதுக்குப் போகும் மெல்லிய தமனி பெரும்பாலோருக்குச் சிறுமூளையின் முன்கீழ்த் தமனியிலிருந்துதான் கிளம்புகிறது.

பேசிலார் தண்டே அடைத்தால் என்ன ஆகும்? பான்ஸின் முன்பகுதிக்குப் போகும் நடுமடைகள் இரண்டு பக்கமும் ஒருசேர வற்றும். கைகால் நான்கும், முகமும், நாக்கும், தொண்டையும் அசையாது. கண்ணை இடவலமாகத் திருப்பும் அமைப்பு பான்ஸில் இருப்பதால் அதுவும் போய்விடும். ஆனால் கண்ணை மேலும் கீழும் அசைக்கும் அமைப்பு நடுமூளையில் இருக்கிறது. விழிப்பைக் காக்கும் நரம்பு வலை, பான்ஸின் மேல்பகுதியிலும் நடுமூளையிலும் முதுகுப்பக்கமாக இருக்கிறது. இவற்றுக்கு இரத்தம் பேசிலாரின் உச்சியை ஒட்டிப் பிரியும் தமனிகளிலிருந்து வருகிறது. உச்சி திறந்திருந்தால் அவை தப்பிவிடும். ஆள் முழு விழிப்போடு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, புரிந்துகொண்டு, ஒரு விரலையும் அசைக்க முடியாமல் கிடப்பார். மேலும் கீழும் பார்க்கவும் இமைக்கவும் மட்டும் முடியும். 1966-இல் ஃப்ரெட் பிளம், ஜெரோம் போஸ்னர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் உள்ளே பூட்டப்பட்ட நிலை என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

பிரான்ஸில் ‘எல்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஜான்-டொமினிக் போபிக்கு 1995 டிசம்பரில் இது நேர்ந்தது. வயது 43. சில வாரம் கழித்து நினைவு திரும்பியபோது, இடது இமை ஒன்றுதான் அவர் சொல்கேட்டது. உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் இவர் இமைப்பார். அப்படி இமைத்து இமைத்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1997 மார்ச்சில் அது வெளிவந்த சில நாளில் இறந்துபோனார். புத்தகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தமனியைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னொன்றும் தோன்றும்: மூன்று சென்டிமீட்டர் தண்டில் பாதிப்பு இன்னும் கொஞ்சம் மேலே நீண்டிருந்தால் அந்த விழிப்பும் இருந்திருக்காது. இதயத்திலிருந்து கிளம்பும் உறைவுகள் பல நேரங்களில் நேரே பேசிலாரின் உச்சியில்தான் போய் உட்காருகின்றன, தமனி இரண்டாகப் பிரிந்து குறுகும் இடம் அது. அப்போது ஆள் எழுப்ப முடியாத தூக்கத்துக்குப் போய்விடுவார். கைகால் விழாமலே கூட அப்படி ஆகும். தூங்கட்டும் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

அடைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மடை உடைவதும் உண்டு. கடைமடைக்குப் போகும் தண்ணீர், கிளை கிளையாகப் பிரிந்து வேகம் தணிந்துதான் போய்ச் சேரும். ஆற்றங்கரையிலேயே வெட்டிய மடைக்கு அந்தத் தணிவு கிடையாது. ஆற்றின் முழு அழுத்தமும் அதன் வாயில் மோதும். பேசிலாரிலிருந்து செங்குத்தாக இறங்கும் நடுமடைகளின் கதி இதுதான். பல வருஷம் கவனிக்காமல் விட்ட இரத்தக்கொதிப்பில் இவற்றின் சுவர் தடித்து, உள்ளே துவாரம் குறுகி, ஒரு நாள் அடைக்கும். அல்லது சுவர் நைந்து வெடிக்கும். கொதிப்பால் மூளையில் இரத்தம் கசியும் வழக்கமான இடங்களில் பான்ஸும் ஒன்றாக இருப்பதற்கு இந்த அமைப்பே காரணம். அப்படிப்பட்டவருக்குக் கண்பாவை இரண்டும் குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்ததுமே டியூட்டி டாக்டருக்கு முகம் மாறிவிடும்.

ஆஸ்பத்திரியில் முதலில் எடுப்பது சிடி ஸ்கேன். இரத்தக்கசிவு இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மூளைத்தண்டைச் சுற்றிலும் கனமான எலும்பு. அதன் நிழல்கோடுகள் குறுக்கே விழுவதால், சின்ன அடைப்புகள் சிடியில் தெரியாமல் போவது சகஜம். எம்ஆர்ஐ நன்றாகக் காட்டும். அதுவும் முதல் ஒரு நாளில் சில நேரம் ஏமாற்றும். ஆகவே ஸ்கேன் நார்மல் என்றதும் விஷயம் முடிந்தது என்று எழுந்து வந்துவிடக் கூடாது. கண் எப்படி அசைகிறது, பார்வை எந்தப் பக்கம் நழுவுகிறது, நிற்க முடிகிறதா என்று படுக்கையருகே நின்று பார்க்கத் தெரிந்த மருத்துவரின் ஐந்து நிமிஷத்துக்கு இங்கே மதிப்பு அதிகம். சாயம் ஏற்றி எடுக்கும் சிடியில் பேசிலார் திறந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அடைத்திருந்தால்? நாலரை மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், உறைவைக் கரைக்கும் ஊசி உண்டு. அதற்கு மேல் இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நாம் இவ்வளவு நேரம் ஏறிவந்த அதே பாதையில், ஆறாவது எலும்பின் துளை, முதல் எலும்பின் வளைவு, கூடுதுறை என்று ஏற்றி, பேசிலாரில் இருக்கும் உறைவை உறிஞ்சியோ வலையால் பிடித்தோ வெளியே எடுக்கிறார்கள். இது பலன் தருமா என்று நெடுநாள் சர்ச்சை இருந்தது. 2022-இல் சீனாவில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. ஒன்றில் 12 மணி நேரத்துக்குள் வந்தவர்கள், இன்னொன்றில் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தவர்கள். இரண்டிலும், உறைவை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தாமாக நடக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். மருந்து மட்டும் கொடுத்தவர்களில் அப்படித் தேறியவர்கள் 23, 24 சதவீதம்தான். 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்போது, ஆள் கடைசியாக நல்லபடியாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால், இந்த மணிக்கணக்கை வைத்து மருத்துவர்கள் முடிவெடுக்க உதவும்.

குழாய் போகக்கூடியது பேசிலார் வரைக்கும்தான். மூன்று மில்லிமீட்டர் தண்டை அது திறந்துவிடும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத மடைகளுக்குள் நுழைந்து உறைவை எடுக்க அதனால் முடியாது. அந்த மடைகளின் சுவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, தினமும் காலையில் டீக்கு முன்னாலோ பின்னாலோ போடுகிற பிரஷர் மாத்திரையிடம் இருக்கிறது.